ஆங்கில விரிவுரையாளரின் மொழியியல்: ஏ.கே. இராமானுஜனின் கல்விப் பின்புலமும் தில்லியில் நீக்கப்பெற்ற கட்டுரையும்

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை, இளங்கலை வரலாற்றுச் சிறப்புப் பாடத்திட்டத்திலிருந்து ஒரு கட்டுரையை நீக்கியது. அதனை எழுதியவர் ஏ.கே. இராமானுஜன் (1929-1993). கட்டுரையின் முழுத்தலைப்பைத் தமிழில் 'முந்நூறு இராமாயணங்கள்: ஐந்து எடுத்துக்காட்டுகளும் மொழிபெயர்ப்பைப் பற்றிய மூன்று எண்ணங்களும்' எனப் பெயர்க்கலாம். நீக்கத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இத்தலைப்பின் முற்பகுதியையே பெரிதும் பேசினர். பிற்பகுதி ஏறத்தாழப் படிக்கப்பெறாமலே நின்றது.

இக்கட்டுரையை எழுதியவர் வரலாற்றாசிரியர் அல்லர். சமய ஆராய்ச்சியாளர் என்று மட்டும் கூறுதற்கும் உரியவர் அல்லர். ஆங்கில இலக்கிய விரிவுரையாளராகப் பணி தொடங்கி, மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, தமிழ், கன்னட இலக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் மேற்கொண்ட கிளைமொழி ஆய்வு, ஆக்கமுறை இலக்கண ஆய்வு, குறியியல் நாட்டம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமே தில்லியில் நீக்கப்பெற்ற கட்டுரை என்பது இங்கு முன்வைக்கப்பெறும் கருத்து. அவருடைய கல்விப் பின்புலத்தையும் ஆய்வு நாட்டங்களையும் காலமுறையில் தொகுத்து, அவற்றின் வழியே அக்கட்டுரையை மீண்டும் படிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. மைசூர்: ஒரு வீட்டில் பல மொழிகள்

ஆத்திப்பட்டு கிருஷ்ணசாமி இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மைசூரில் தமிழ் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியலும் சோதிடமும் ஒருங்கே வல்லவர். வீட்டின் கீழ்த்தளத்தில் தாயாரோடும் பாட்டியோடும் பேசிய மொழி தமிழ், மாடியில் தந்தையாரின் படிப்பறையில் ஆங்கிலமும் வடமொழியும், தெருவில் கன்னடம். இவ்வமைப்பைப் பிற்காலத்தில் இராமானுஜனே பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பெண்களின் மொழி என்றும் தந்தையரின் மொழி என்றும் அவர் பின்னாளில் வகுத்துக் காட்டிய வேறுபாட்டுக்கு இவ்வீடே அடிப்படை.

மொழியியலார் நோக்கில் இச்செய்தி வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. தமிழகத்திற்கு வெளியே, கன்னடச் சூழலில் வழங்கிய இல்லத் தமிழே அவர் முதலிற் கற்ற தமிழ். ஏட்டுத் தமிழை அவர் பள்ளியிற் கற்றவரல்லர். கன்னடத்தையும் ஆங்கிலத்தையுமே கல்விமொழிகளாகக் கொண்டார். எனவே சங்க இலக்கியத் தமிழ் அவருக்குத் தாய்மொழியின் பழைய வடிவமாகவும், முயன்று கற்கவேண்டிய பிறிதொரு மொழியாகவும் ஒரே நேரத்தில் அமைந்தது. ஒருவர் தம் மரபைப் பிறப்பினால் மட்டும் பெறுவதில்லை, உழைத்தே மீட்டுக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட அவர் பின்னாளில் எழுதியது இந்நிலையிலிருந்து பிறந்தது எனலாம்.

3. ஆங்கில விரிவுரையாளர்

மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்று, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில மொழி, இலக்கியப் பட்டங்களைப் பெற்ற இராமானுஜன், 1950ஆம் ஆண்டு முதல் ஆங்கில விரிவுரையாளராகப் பணியாற்றினார். கொல்லம், மதுரைத் தியாகராசர் கல்லூரி, பெல்காம் லிங்கராஜ் கல்லூரி, பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் என அப்பணி தொடர்ந்தது. இவற்றுள் பெல்காமில் அவர் மிகுதியான ஆண்டுகள் இருந்தார். எட்டாண்டுக் காலத்தில் மலையாளம், தமிழ், கன்னடமும் மராத்தியும், குசராத்தி என அவரைச் சூழ்ந்த மொழி மாறிக்கொண்டே இருந்தது; கற்பித்த பாடம் மட்டும் மாறவில்லை. பெல்காமில் இருந்த காலத்தில் கன்னடப் பழமொழிகளைத் தொகுக்கவும் நாட்டார் கதைகளைத் திரட்டவும் தொடங்கினார்.

ஆங்கிலத்துறை ஆசிரியர்கள் தாய்மொழி இலக்கியத்தில் ஈடுபடுதல் அந்நாளில் புதிதன்று. மைசூரில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த பி.எம். ஸ்ரீகண்டையா ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடத்தில் பெயர்த்து அம்மொழிக்குப் புதிய யாப்பு முறைகளை வழங்கியவர். தமிழில் 'நாணல்' என்னும் புனைபெயரில் கவிதை எழுதிய அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். 'வெள்ளைப் பறவை' நூலுக்காக 1968இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். இவர்கள் ஆங்கிலத்திற் கற்றதைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தனர். இராமானுஜன் இத்திசையைப் பெரிதும் மாற்றினார். அவருடைய முதன்மையான மொழிபெயர்ப்புகள் தமிழிலிருந்தும் கன்னடத்திலிருந்தும் ஆங்கிலத்திற்குச் சென்றவை. இத்திருப்பத்திற்கு ஆங்கில இலக்கியக் கல்வி மட்டும் போதவில்லை. அதற்கு மொழியியல் தேவைப்பட்டது.

4. புணேயும் இந்தியானாவும்

1950களின் நடுப்பகுதியில் புணே தக்காணக் கல்லூரி இந்தியாவில் புதிய மொழியியற் கல்விக்கு நடுவிடமாக விளங்கியது. எஸ்.எம். கத்ரே தலைமையில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கு நடைபெற்ற கோடைகாலப் பள்ளிகள் பல மொழித்துறை ஆசிரியர்களை விளக்க மொழியியலுக்கு அறிமுகப்படுத்தின. இராமானுஜன் 1958இல் அக்கல்லூரியில் மொழியியற் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டு புல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகம் சென்றார்.

அவர் சென்ற காலமும் இடமும் கருதத்தக்கவை. சாம்ஸ்கியின் முதல் நூல் 1957இல் வெளிவந்திருந்தது. 1958இல் இந்தியானாவில் இலக்கிய நடை பற்றிய புகழ்பெற்ற கருத்தரங்கு நடைபெற்றது. மொழியியலையும் கவிதையியலையும் இணைத்து ரோமன் யாக்கப்சன் ஆற்றிய நிறைவுரை அங்குதான் நிகழ்ந்தது. அக்கருத்தரங்கத் தொகுதியை 1960இல் பதிப்பித்த தாமஸ் செபியோக், குறியியலை வளர்த்தவர்களுள் ஒருவர், அப்பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றியவர். நாட்டார் வழக்காற்றியலுக்கும் அப்பல்கலைக்கழகம் பேர்பெற்றது. இலக்கியம், மொழியியல், குறியியல், வழக்காற்றியல் ஆகிய நான்கும் அண்டை அறைகளில் இருந்த சூழல் அது.

1963இல் இராமானுஜன் கன்னடத்தின் ஆக்கமுறை இலக்கணம் பற்றிய ஆய்வேட்டிற்காக முனைவர் பட்டம் பெற்றார். திராவிட மொழிகளுக்கு அக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. இந்தியானாவில் பயின்ற மற்றொரு தமிழறிஞர் ச. அகத்தியலிங்கம், தமிழின் ஆக்கமுறை இலக்கணம் பற்றிய அவர் நூலை 1967இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒரே பயிற்சியிலிருந்து ஒருவர் இலக்கண ஆராய்ச்சியிலும், மற்றொருவர் மொழிபெயர்ப்பிலும் தலைசிறந்தது மொழியியல் வரலாற்றில் நோக்கத்தக்கது.

5. கிளைமொழி வேறுபாட்டாய்வு

சிகாகோப் பல்கலைக்கழகத்தில் தமிழும் மொழியியலும் கற்பிக்கத் தொடங்கிய இராமானுஜன், 1960களில் வெளியிட்ட மொழியியற் கட்டுரைகள் இன்று அருகியே படிக்கப்பெறுகின்றன. வில்லியம் பிரைட்டுடன் இணைந்து சமூக மொழி வேறுபாட்டையும் மொழிமாற்றத்தையும் பற்றி எழுதிய கட்டுரை 1964இல் அச்சாயிற்று. சாதிக் கிளைமொழிகளின் வேறுபாட்டமைப்பைப் பற்றிய தனிக்கட்டுரை 1968இல் வெளிவந்தது. காலின் மசிகாவுடன் இணைந்து இந்திய மொழிப்பரப்பின் ஒலியன் வகைப்பாட்டை ஆராய்ந்தது 1969இல் வெளிவந்தது.

சாதிக் கிளைமொழி ஆய்வில் அவர் தமிழ், கன்னடப் பேச்சுவழக்குகளைச் சமூகநிலை நோக்கில் ஒப்பிட்டார். கல்வியும் எழுத்தும் உடைய பிரிவினர் கடன்சொற்கள், அயலொலிகள் முதலியவற்றை அறிந்தே ஏற்கின்றனர்; பிற பிரிவினரிடம் மொழியின் உள்ளமைப்பு சார்ந்த மாற்றங்கள் தம்மையறியாமலே நிகழ்கின்றன என்பது அவ்வாய்வுகளின் மையக் கருத்துகளுள் ஒன்று. இதன் அடியில் உள்ள முறையியல் கோட்பாடு நமக்கு முதன்மையானது. கிளைமொழியியலாருக்கு எவ்வழக்கும் திரிபன்று. ஒன்றைச் செவ்வியது என்றும் மற்றொன்றை அதன் சிதைவு என்றும் கொண்டு அவர் தொடங்குவதில்லை. ஒவ்வொரு வழக்கும் தன்னளவில் முழுமையான ஒழுங்குடையது. வேறுபாடுகளுக்கு இடையிலும் ஒழுங்கு உண்டு. இவ்வெண்ணம் இராமாயணக் கட்டுரையில் வேறு பெயரில் மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காண்போம்.

6. குறுந்தொகையும் தொடரியலும்

1962இல், சிகாகோவில் பணியேற்ற தொடக்க நாள்களில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குச் சென்ற இராமானுஜன், உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்த செய்தியை அவரே எழுதியுள்ளார். அதன் பயனாக 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967இல் வெளிவந்தது. பின்னர் வீரசைவ வசனங்களின் மொழிபெயர்ப்பான 'ஸ்பீக்கிங் ஆப் சிவா' (1973), அனந்தமூர்த்தியின் கன்னடப் புதினமான 'சம்ஸ்கார' (1976, தில்லி), நம்மாழ்வார் பாசுரங்களின் 'ஹிம்ஸ் பார் தி டிரவுனிங்' (1981), தொகை நூல்களின் 'போயம்ஸ் ஆப் லவ் அண்ட் வார்' (1985) ஆகியன தொடர்ந்தன.

தமிழ்க் கவிதையைப் பெயர்ப்பது குறித்து 1989இல் வெளிவந்த கட்டுரையில் அவர் தம் முறையை மொழியியலார்க்குரிய துல்லியத்தோடு விளக்குகிறார். கபிலரின் ஐங்குறுநூற்றுப் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒலியமைப்பு, சொல்லமைப்பு, தொடரமைப்பு, திணைமரபு என்று படிப்படியாகச் செல்கிறார். தமிழின் மூக்கொலிகள் ஆறையும் ஆங்கிலத்தின் மூன்று மூக்கொலிகளைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது எனக் காட்டி, ஒலியை அப்படியே பெயர்க்கும் ஆசையை முதலிலேயே விலக்குகிறார். அடுத்து அவர் எடுத்துக்கொள்வது தொடரியல்.

தமிழில் அடைகள் தலைச்சொல்லுக்கு முன் வரும். ஆங்கிலத்தில் எச்சத் தொடர்கள் பின் வரும். எளிய தொடர் ஒன்றைக் காண்போம்: 'நேற்றைய மழையில் நனைந்த வயலில் மேய்ந்த மாட்டை ஓட்டிய சிறுவன்.' ஆங்கிலத்தில் இது சிறுவனில் தொடங்கி, ஓட்டுதல், மாடு, மேய்தல், வயல், நனைதல், மழை எனச் சென்று நேற்றில் முடியும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் படிமம். உரைநடையில் இது சிறு தொல்லையே, கவிதையில் பெருஞ்சிக்கல். சங்கப் பாடல் கேட்போனைப் படிமம் படிமமாக அழைத்துச் சென்று இறுதிச் சொல்லில் நிறுத்துகிறது. அவ்வரிசை குலைந்தால் பாடலின் நிகழ்வே குலைந்துவிடும்.

கபிலரின் பாடலில், உடன்போய் மீண்ட தலைவி தோழியிடம் கூறுகிறாள்: தலைவன் நாட்டில் தழை மூடிய கூவலின் கீழே, விலங்குகள் உண்டு எஞ்சிய கலங்கல் நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது. மூலத்தில் தேன்பால் முதலில் வருகிறது. கலங்கல் நீர் கடைசியில் வருகிறது. இராமானுஜனின் ஆங்கிலப் பெயர்ப்பில் 'நீர்' என்னும் சொல் இலக்கணக் கட்டாயத்தால் முன்னே நகர்கிறது. ஆயினும் இனிமையிலிருந்து கலங்கலுக்குச் செல்லும் பெருவரிசை காக்கப்பெறுகிறது. விலங்குகள் கலக்கிய நிலையைச் சுட்டும் தொடரோடு பாடல் முடிகிறது. சிறிய அலகுகளின் வரிசையை இழந்து பெரிய அலகுகளின் வரிசையைக் காத்தல் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். குறுகிய அடிகளும் வெண்ணிடமும் இதற்குத் துணைசெய்கின்றன. தொடரமைப்பு மரங்களை வரைந்து பழகிய கையே இவ்வாறு அடிகளை முறித்திருக்க இயலும்.

மற்றொரு நுட்பமும் சுட்டத்தக்கது. பாடலடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என உரைமரபு தரும் குறிப்பை அவர் பாடல் தலைப்பாக மேலே ஏற்றினார். யார், யாருக்குக் கூறுகிறார் என்னும் சூழல் தமிழ் மாணவர்க்கு மரபால் தெரியும். ஆங்கில வாசகர்க்குத் தெரியாது. திணை மரபையே தமிழுக்குள் அமைந்த இரண்டாம் மொழியாக அவர் கண்டார். முதல், கரு, உரி என்பன அம்மொழியின் சொற்கோவையும் இலக்கணமும் ஆகும். எனவே ஒரு பாடலைப் பெயர்ப்பவர் பாடலை மட்டுமன்றி அதன் இலக்கணத்தையும் பெயர்க்க வேண்டும்; அதனால்தான் தனிப்பாடல்களோடு தொகுதியையும் விரிவான பின்னுரையையும் அவர் இணைத்தே வழங்கினார்.

7. சூழல்சார் விதி: இலக்கணத்திலிருந்து பண்பாட்டிற்கு

1989இல் தில்லியிலிருந்து வெளிவரும் 'கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இண்டியன் சோஷியாலஜி' என்னும் ஆய்விதழில், இந்தியச் சிந்தனைமுறை என ஒன்று உண்டா என்னும் வினாவோடு இராமானுஜனின் கட்டுரை வெளியாயிற்று. அதன் மையக் கருவிகள் இரண்டு: சூழல்சார் விதி, சூழல்சாரா விதி. இவை ஆக்கமுறை இலக்கணத்தின் கலைச்சொற்கள். தமிழில் 'க' என்னும் எழுத்து சொல்லின் முதலில் ஒருவகையாகவும், 'தங்கம்' என்பதில் மெல்லினத்தின் பின் வேறுவகையாகவும் ஒலிப்பது சூழல்சார் விதிக்கு எளிய சான்று. இவ்வேறுபாட்டை அவர் அறநூல்களுக்கும் காலக் கணக்கீட்டிற்கும் அகப்பாடல்களுக்கும் விரித்தார். எல்லாப் பண்பாடுகளிலும் இருவகை விதிகளும் உண்டு. எது விரும்பப்பெறும் முறை என்பதிலேயே வேறுபாடு உள்ளது என்பது அவர் முடிபு.

வானியலும் சோதிடமும் ஒருங்கே பயின்ற தந்தையார் அக்கட்டுரையில் சான்றாக வருகிறார். இளமையில் முரண்பாடாகத் தோன்றியது, இலக்கணக் கல்விக்குப்பின் இருவேறு சூழல்களுக்குரிய இருவேறு விதிகளாக விளங்குகிறது. மைசூர் மாடியறையும் இந்தியானா வகுப்பறையும் இங்கு ஒன்றையொன்று விளக்குகின்றன. இக்கட்டுரையைப் படித்த சமூகவியலார் பலர். ஆனால் அதனை இலக்கணக் கோட்பாட்டின் விரிவாக்கமாகப் படித்தவர் சிலரே.

8. தில்லி: கட்டுரையும் அதன் நீக்கமும்

இராமாயணக் கட்டுரை, பவுலா ரிச்மன் பதிப்பித்த 'மெனி ராமாயணாஸ்' தொகுதியில் 1991இல் வெளிவந்தது. இராமானுஜன் மறைந்த பின், 1999இல் வினய் தார்வாட்கரைப் பொதுப்பதிப்பாசிரியராகக் கொண்டு தில்லி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியிலும் இடம்பெற்றது. தலைப்பிலுள்ள முந்நூறு என்னும் எண், இராமகதை ஆராய்ச்சியாளர் காமில் புல்கேயின் கணக்கைச் சார்ந்தது. வான்மீகியும் கம்பனும் கூறும் அகலிகை வரலாறு, விமலசூரி முதலிய சமணர் கூற்று, தென்னிந்திய நாட்டார் கூற்று, தாய்லாந்து வழக்கு முதலியன எடுத்துக்காட்டுகள்.

இங்கு 'கூற்று' என்னும் சொல்லைப் பயன்படுத்துதற்குக் காரணம் உண்டு. 'வடிவம்', 'திரிபு' என்னும் சொற்கள் மாறாத மூலம் ஒன்று உண்டு என்னும் எண்ணத்தை உட்கொண்டவை எனக் கூறி, 'சொல்லல்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லையே இராமானுஜன் தேர்ந்தார். சாதிக் கிளைமொழிகளை ஆராய்ந்தவர் இதனைக் கூறுவதில் வியப்பில்லை. ஒரு வழக்கை மொழியாகவும் பிறவற்றைக் கொச்சையாகவும் கொள்ளாத அதே நெறிதான் இங்குக் கதைகளின் உறவுக்கு விரிகிறது.

அடுத்து, மொழிபெயர்ப்பைப் பற்றிய மூன்று எண்ணங்கள். சார்லஸ் பியர்சின் குறியியல் வகைப்பாட்டைக் கொண்டு, இரு பனுவல்களுக்கு இடையிலான உறவை அவர் மூன்றாக வகுக்கிறார். முதற்பனுவலின் அமைப்பை, ஒரு முக்கோணத்தை மற்றொரு முக்கோணம் ஒத்திருப்பதுபோல, இரண்டாவது ஒத்திருப்பின் அது உருக்குறி உறவு. இரண்டாம் பனுவல் தன் மண்ணையும் சூழலையும் சுட்டி, அவற்றோடு பிணைந்து நிற்பின் அது சுட்டுக்குறி உறவு. கதைமாந்தர் பெயரையும் கதைப்போக்கையும் குறைந்த அளவு எடுத்துக்கொண்டு முற்றிலும் புதிய, சிலபோது மாறான, பொருளைக் கூறின் அது குறியீட்டு உறவு.

கம்பனை நோக்குவோம். கதையமைப்பில் அவன் வான்மீகியைப் பெரும்பாலும் தொடர்கிறான்; அது உருக்குறி. ஆற்றுப் படலத்தின் வெள்ளமும், தமிழ்த்திணை நிலங்களும், ஆழ்வார் வழிவந்த பத்தியும் அவனைத் தமிழ்மண்ணோடு பிணைக்கின்றன, அது சுட்டுக்குறி. இராவணனைச் சமணச் சான்றோனாகக் காட்டும் கூற்றுகளைக் குறியீட்டு உறவின்பாற் படுத்தலாம். கன்னட நாட்டார் கதையில் இராவுலனின் தும்மலிலிருந்து சீதை பிறக்கிறாள். அவ்வழக்கில் 'சீத' என்னும் சொல்லுக்குத் 'தும்மினான்' என்பது பொருள். வடமொழிப் பெயரொன்று கன்னட வினைமுற்றாகக் கேட்கப்பெற்று அதிலிருந்து ஒரு கதை பிறக்கிறது. சொல் மொழியெல்லையைக் கடக்கையில் பொருள் எவ்வாறு மீண்டும் பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று மொழிபெயர்ப்பியலில் அரிது.

இக்கட்டுரை, தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுச் சிறப்புப் படிப்பில், பண்டைய இந்தியப் பண்பாட்டைப் பற்றிய தாளுக்குப் படிப்புப் பொருளாக இருந்தது. 2008 பிப்ரவரியில் அதனை எதிர்த்த மாணவர் அமைப்பினர் வரலாற்றுத் துறையில் புகுந்து சேதம் விளைவித்தனர். சிக்கல் நீதிமன்றம் சென்றது. நால்வர் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. அவருள் மூவர் கட்டுரையைத் தொடரலாம் எனக் கருதினர்; ஒருவர் மாறுபட்டார். எனினும் 2011 அக்டோபரில் கல்விப் பேரவை அதனை நீக்கியது. ஆசிரியரும் மாணவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நூல்களை அச்சகம் மீண்டும் அச்சிடாமை குறித்து அறிஞர் பலர் கடிதம் எழுத, மறுபதிப்பு வெளியிடுவதாக அச்சகம் அறிவித்தது.

அக்காலத்து விவாதம் சமய உணர்வு, கருத்துரிமை, பாடத்திட்டத் தன்னுரிமை என்னும் மூன்று தலைப்புகளில் நிகழ்ந்தது. அவை முதன்மையானவையே. ஆயினும் எதிர்த்தோர் 'மூலத்தைத் திரித்தல்' என்று கூறியது அடிப்படையில் மொழிபெயர்ப்பியல் சார்ந்த ஒரு கூற்று. எது மூலம், எது திரிபு, ஒரு கதை மொழி மாறும்போது அதற்கு உண்மையாயிருத்தல் என்றால் என்ன என்பனவே உண்மையான வினாக்கள். இவ்வினாக்களுக்குரிய விடையைக் கட்டுரை தன் இறுதிப் பகுதியில் கலைச்சொற்களோடு தந்திருந்தது. அகலிகை வரலாற்றோடு வாசிப்பை நிறுத்தியோர்க்கு அப்பகுதி எட்டவில்லை.

9. மறுப்புகளும் வரம்புகளும்

இராமானுஜனின் முறை மறுப்புக்கு அப்பாற்பட்டதன்று. தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் வெளியிட்ட நூலில், அல்லம பிரபுவின் வசனம் ஒன்றுக்கான பெயர்ப்பை ஆராய்ந்து, பத்தியை மேலைச் சமயக் கருத்துகளுக்கு அணுக்கமாக்கியும் பொதுமனிதக் கோட்பாட்டிற்குள் அடக்கியும் காட்டுவதாகக் குறை கூறினார். சூசன் பாஸ்னெட்டும், தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலத்துறையில் பணியாற்றிய ஹரீஷ் திரிவேதியும் 1999இல் பதிப்பித்த தொகுதியில் வினய் தார்வாட்கர் இதற்கு மறுப்பு எழுதினார். இராமானுஜனின் கோட்பாட்டுக் கட்டுரைகளையும் நடைமுறையையும் இணைத்துப் படிக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் நோக்கில் வேறொரு குறையைச் சுட்டலாம். அகவலின் ஓசை, எதுகை, மோனை ஆகியன அவர் பெயர்ப்பில் இல்லை. செவிக்குரிய ஒழுங்கு கண்ணுக்குரிய அடியமைப்பாக மாறியுள்ளது. தொகைப்பாடல்கள் அனைத்தும் இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதுக்கவிதை போல ஒலிக்கின்றன என்னும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இவ்விழப்பு அறியாமையால் நேர்ந்ததன்று. தொடரியலைக் காக்கும்பொருட்டு ஒலியியலைக் கைவிட்ட தெரிவு அது. மலையின் இருபுறமும் குடையத் தொடங்கிய சுரங்கங்கள் நடுவில் சந்திக்காவிடில் ஒன்றுக்கு இரண்டாகச் சுரங்கம் கிடைக்கும் என்று அமைச்சர்கள் சீனப் பேரரசனுக்குச் சொன்ன கதையை அவர் தம் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் எடுத்தாண்டது இப்புரிதலோடுதான்.

10. நிறைவுரை

இராமானுஜன் 1993 சூலை 13இல் சிகாகோவில் காலமானார். 1976இல் பத்மஸ்ரீ விருதும், 1983இல் மக்ஆர்தர் ஆய்வுநல்கையும் பெற்றார். கவிதைத் தொகுப்பிற்கான சாகித்திய அக்காதெமி விருது மறைவுக்குப்பின் 1999இல் வழங்கப்பெற்றது. கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நாட்டார் வழக்காற்றியலாராகவும் அவர் நினைக்கப்பெறுகிறார். மொழியியலாராக நினைக்கப்பெறுவது குறைவு.

இதற்கு நூற்பதிப்பு முறையும் ஒரு காரணம். 1999ஆம் ஆண்டுத் தில்லித் தொகுதி அவர் கட்டுரைகளை இலக்கியமும் பண்பாடும், செவ்விலக்கியம், பத்தியும் புதுக்கவிதையும், நாட்டார் வழக்காறு என நான்கு பகுதிகளாக வகுக்கிறது. மொழியியலுக்கெனத் தனிப்பகுதி அதில் இல்லை. கிளைமொழி பற்றிய கட்டுரைகளும், ஒலியன் வகைப்பாடு பற்றிய கட்டுரையும், கன்னட இலக்கண ஆய்வேடும் அவ்வகைப்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன. இராமாயணக் கட்டுரையைக் கையிலெடுக்கும் மாணவர், 'கூற்று' என்னும் சொல்லின் பின்னே சாதிக் கிளைமொழி ஆய்வும், 'சூழல்' என்னும் சொல்லின் பின்னே ஆக்கமுறை இலக்கணமும் இருப்பதை அறிய வழியில்லை.

அவருடைய மொழியியற் கட்டுரைகள் தனித்தொகுதியாக வெளிவருதலும், அவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்த்தலும் மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள். மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் இராமாயணக் கட்டுரையின் இறுதிப் பகுதியைக் கம்பன், வான்மீகி பாடங்களோடு ஒப்பிட்டுக் கற்பிப்பது மற்றொன்று. வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பெற்ற அக்கட்டுரைக்கு மொழிபெயர்ப்பியலில் இடம் உண்டு. அவ்விடத்தை அதன் ஆசிரியரே தம் கட்டுரைத் தலைப்பில் குறித்துச் சென்றிருக்கிறார்.